இறக்கத்தில் பிடிக்காத வண்டி

ஏழாம் நம்பர் வண்டிக்குப் புது க்ளட்ச் போட்டு நூற்றுப் பதினெட்டு மணி நேரம்தான் ஓடியிருந்தது. வண்டி மீட்டரில் கணக்கு இருக்கிறது, நீங்களே பார்க்கலாம் இன்ஸ்பெக்டர் மேடம். ஐந்நூறு மணி நேரமாவது வந்திருக்க வேண்டும். ஒழுங்காக ஓட்டினால் அதற்கு மேலும் வரும்.

உங்களுக்கு வேண்டியது க்ளட்ச் விவரம் அல்ல, தெரியும். மெக்கானிக் இசக்கிப்பாண்டி அண்ணன் வண்டியில் பழுது இருப்பதை யாரிடமாவது சொன்னாரா என்பதுதான் உங்கள் கேள்வி. என்னிடம் சொன்னதாக அவர் சொல்கிறார். முதல் நாள் நீங்கள் அதைக் கேட்டபோது நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெளிவில்லை. நீங்கள் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டீர்கள். அவரை உள்ளே வைத்துவிட்டீர்கள். நேற்று அவருடைய மனைவி பொன்செல்வி அக்கா டவுனில் ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “பேசாண்டாம்மா. தலைய மட்டும் ஆட்டுங்க. அவரு சொன்னாரா, இல்லையா?” என்றார். நான் ஆட்டினேன். இந்த முறை அவருக்குப் புரிந்தது. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் க்ளட்ச்சிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது விளங்கும்.

பொன்முடி போகும் வழியில் நான் வேலை செய்யும் குன்றில், சுற்றுலா வருபவர்கள் ஓட்டப் பத்து ஏ.டி.வி. வண்டிகள் உண்டு. நான்கு தடித்த டயர், மேட்டிலும் சேற்றிலும் ஏறும். கியரில் ஹெச் என்பது சமதளத்துக்கு, எல் என்பது மேட்டுக்கு. மேட்டில் ஹெச்சில் ஏறினால் எஞ்சின் திணறும், உள்ளே பெல்ட் வழுக்கும், ரப்பர் கருகிய வாடை வரும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்துவது இன்னும் மோசம். சக்கரம் சுற்றாது, அந்தச் சக்தி முழுவதும் க்ளட்ச்சுக்குள் வெப்பமாகும். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். ஆனால் இதற்கு அவ்வளவு படிப்பு தேவையில்லை, பள்ளிப் பாடம்தான்.

அனூப் இரண்டையும் செய்வான். அவன்தான் எங்கள் கைடு, ஏழாம் நம்பர் அவன் ஓட்டும் வண்டி. விருந்தினர்கள் முன்னால் வண்டியை உறுமவிட்டுப் பின்னால் புகை கிளப்ப வேண்டும் அவனுக்கு. க்ளட்ச் அடிக்கடி தேய்ந்ததற்குக் காரணம் அவன்தான். ஓனர் ஹரிகுமார் சாரோ மெக்கானிக்கைப் பிடித்தார். டவுனில் உள்ள சாலைக் கடைத்தெருவில் டூப்ளிகேட் சாமான் வாங்கிப் போட்டுவிட்டுக் காசு அடிக்கிறார் என்றார். அதை ஓனர் காதில் போட்டது அனூப். அதிலிருந்து இசக்கிப்பாண்டி அண்ணன் அனூப்பிடம் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் வழியாகத்தான்.

ஒருமுறை நான் ஓனர் அறைக்குப் போய், க்ளட்ச் தேய்வதற்கு அண்ணன் காரணமில்லை சார் என்றேன். அவர் போனிலிருந்து நிமிர்ந்து, “எந்தா மோளே? உறக்கெப் பற” என்றார். என்ன மகளே, உரக்கச் சொல் என்று. நான் இன்னொருமுறை சொன்னேன். “செரி, செரி” என்று தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

என் குரல் அப்படி. ஆனாலும் வண்டி கிளம்பும் முன் விருந்தினர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம் சொல்வது என் வேலை. மேட்டில் எல், இறக்கத்திலும் எல், பிரேக்கை விட்டு விரலை எடுக்காதீர்கள். நான் சொல்லி முடித்ததும் அனூப் முன்னால் வந்து காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொள்வான். “ம்யூட் மேடம், வால்யூம் கொஞ்சம் கூட்டுங்கோ!” எங்கள் தெருத் தமிழைப் போலவே இழுப்பான். பிறகு சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் காட்டுவான். என் கைகள் எப்படி நடுங்குமோ அப்படியே அவன் கைகளும் நடுங்கும். எல்லோரும் சிரிப்பார்கள். விளக்கத்தை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஓணத்துக்கு முன்னால் அதை ரீலாகப் போட்டான். நிறையப் பேர் பார்த்தார்கள். எங்கள் தெருவில் டியூஷனுக்குப் போகும் பெண் குழந்தைகள்கூட என்னைக் கண்டால் வாயை அசைத்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “நீ கொஞ்சம் ஒறக்கப் பேசினா என்னடி கொறைஞ்சு போறது” என்றாள். 

அவனை வெறுத்தாயா என்று அன்று கேட்டீர்கள். ஆம். ஆனால் வெறுப்பு ஒரு செயல் அல்லவே, மேடம். நான் அவன் வண்டியைத் தொட்டதே இல்லை. எந்தப் போல்ட்டையும் தளர்த்தவில்லை.

அவன் செய்யும் வித்தை ஒன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். குன்றின் மேற்குப் பக்கம் நேரான ஒரு இறக்கம். முடிவில் பாதை திரும்பும். திருப்பத்துக்கு அப்பால் செம்பாறை வெட்டி எடுத்த பள்ளம். அனூப் அதில் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு இறங்குவான். பின்னால் வருபவர்கள் வீடியோ எடுப்பார்கள். பார்ப்பவர்களுக்குத் துணிச்சல் என்று தோன்றும். துணிச்சல் ஒன்றும் இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், நடை வேகத்தில்தான் இறங்கும். க்ளட்ச்சுக்குள் ஒரு பக்கம் மட்டும் சுற்றும் பேரிங் ஒன்று இருக்கிறது, பிடிப்பது அதுதான். சூடு ஏறி ஏறி அது போய்விட்டால், அந்த இறக்கத்தில் வண்டி சும்மா உருளும்.

அன்று காலை இசக்கிப்பாண்டி அண்ணன் ஏழாம் நம்பரை ஓட்டிப் பார்த்துவிட்டு கவுண்டருக்கு வந்தார். கையெல்லாம் கறுப்பு. “ஏம்மா, ஏழு எறக்கத்துல பிடிக்கல. பேரிங்கு போயிட்டு. நா டவுனுக்குப் போயி சாமான் வாங்கிட்டு வாரேன். அதுவர அத வெளிய எடுக்கப்படாதுன்னு அந்தப் பயகிட்ட சொல்லிருங்க. கைய விட்டுட்டு வேற எறங்குவான், மூதி.” சாவியை என் கையில் கொடுத்தார். நான் அதை என் பின்னால் உள்ள ஆணியில் மாட்டினேன். அவர் பஸ்ஸுக்குப் போனார். போகும்போது திரும்பி, “மறந்துறாதீங்க” என்றார்.

ஆக, அவர் சொன்னார். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவரை நீங்கள் விட்டுவிடலாம்.

நானும் அனூப்பிடம் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோட்டயத்திலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் வந்திருந்தது. அனூப் உள்ளே கையை நீட்டி, ஆணியிலிருந்து ஏழாம் நம்பர் சாவியை எடுத்தான். அவன் என்னிடம் சாவி கேட்பதே இல்லை, எடுத்துக்கொள்வான். வெளியே வண்டிகள் எல்லாம் ஸ்டார்ட் ஆகி இரைந்துகொண்டிருந்தன. அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது நான் கவுண்டர் ஜன்னலில் நின்று, ஏழு இறக்கத்தில் பிடிக்காது, எடுக்காதே என்றேன். என் குரலில் சொன்னேன். எனக்கு வேறு குரல் இல்லை. அவன் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் காட்டினான். பையன்கள் சிரித்தார்கள்.

இத்தனை நாளும் இந்த இடம்வரைதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னேன், அவன் கேட்கவில்லை. கேட்காதது அவன் வழக்கம். நியாயமாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கமும் வந்தது.

அந்தப் பையன்கள் எடுத்த வீடியோவை நான் பார்த்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். கைகள் மேலே இருக்கின்றன. பிறகு ஒரு கை இறங்குகிறது. அதற்குள் திருப்பம் வந்துவிடுகிறது. வாய் அசைகிறது. என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. பள்ளத்திலிருந்து அவனை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள்.

இனி ஒன்றுதான் பாக்கி. இது இசக்கிப்பாண்டி அண்ணனுக்குத் தெரியாது, பையன்களுக்கும் தெரியாது. அன்று பையன்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். அனூப் போகவில்லை. என் முகத்தில் என்ன பார்த்தானோ, வண்டியை ஆஃப் செய்தான். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். கேலி இல்லை. ஜானவி என்று என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டது அன்றுதான்.

“ஜானவி, சாரி. சத்தத்துல கேட்டில்ல. எந்தோ பறஞ்ஞல்லோ, என்ன அது?”

குன்று அமைதியாக இருந்தது. நான் முணுமுணுத்தாலே அவனுக்குக் கேட்டிருக்கும்.

“ஒன்றுமில்லை. போய்விட்டு வா” என்றேன். உரக்கச் சொன்னேன்.