மூடி போட்டதால் வந்த சண்டை

"ரிப்பேர் பண்ணதுக்கு யாராவது சண்டைக்கு வருவாங்களா? எங்க பக்கத்து வீட்டம்மா வந்தாங்க!"

வேங்கிக்கால் பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் நண்பரிடம் சொன்னார். இருவருமே வீட்டில் வயர்லெஸ் வைத்து வெளியூர்க்காரர்களோடு பேசுகிறவர்களாம்.

"என்ன ரிப்பேருங்க?"

"வயர்லெஸ்ஸோட வால்வு ஆம்ப்ளிபயர் சூடு ஜாஸ்தின்னு அதோட தகர மூடியைக் கழட்டி வெச்சிருந்தேன். அலை வெளிய கசிஞ்சு, நான் பேசறதெல்லாம் அவங்க ரேடியோவுல கேட்டிருக்கு. நேத்து மூடி போட்டேன், நின்னுபோச்சு."

"நல்லதுதானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். 'அந்த மதுரைக்காரர்கிட்ட, பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சான்னு கேட்டீங்களே, என்ன கொழந்தை? அவர் பதில்தான் என்னிக்குமே கேக்காது, இப்ப உங்க பேச்சும் வரலையே'ன்னாங்க."

"சொன்னீங்களா?"

"பொண்ணுன்னேன். மூடி போட்டதையும் சொன்னேன். சர்க்கரை குடுத்துட்டு, 'பேர் வெக்கறதுக்குள்ள அந்த மூடியைக் கழட்டிடுங்க'ன்னுட்டுப் போறாங்க."