பதினான்கு புள்ளி ஏழு ஐந்து

நாற்காலி வசதியாக இருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, ஒரு குறையும் இல்லை. மேலே சுற்றும் மின்விசிறிதான் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்குச் சுற்றவில்லை. அதற்கு உங்களை என்ன சொல்வது, விற்றவனைக் கேட்க வேண்டும்.

என் தொழிலைக் கேட்டீர்கள். கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிட்டுப் பட்டியல் போடும் இணையதளம் ஒன்றில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எந்தக் கார்டு வேகமானது என்று ஊரே அடித்துக்கொள்ளும். நான் பெருக்கிச் சொல்லிவிடுவேன். கார்டைக் கையால் தொடக்கூட வேண்டாம். இத்தனை வருடத்தில் நான் தொட்டது மூன்றே மூன்று, அதில் ஒன்று காலில் விழுந்தது. கார்டுக்குள் கணக்குப் போடும் கோர் எத்தனை இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இரண்டால் பெருக்க வேண்டும், பிறகு கடிகார வேகத்தால் பெருக்க வேண்டும். நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு கோர், ஒன்று புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் என்றால் விடை பதினான்கு புள்ளி ஏழு ஐந்து டெராஃப்ளாப்ஸ். நொடிக்குப் பதினான்கே முக்கால் லட்சம் கோடிக் கணக்கு. சொல்லும்போதே வாய் இனிக்கிறது பாருங்கள்.

இறந்துபோனவர் என் தங்கையின் கணவர். மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். ஆறு வரன்களைப் பட்டியல் போட்டேன்: உயரம், படிப்பு, கண்பார்வை, கெட்ட பழக்கம். ஏட்டில் இவர்தான் முதலிடம். கல்யாணமான மறுவாரமே தங்கை, "அண்ணே, குறட்டைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாமே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். குறட்டையோடு சேர்த்து அவரை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. நாளைக்குப் பதினாறு டீ குடிப்பார், ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். வேலை இல்லாமல் இருந்தவரை எங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அவருக்குக் கொடுத்த வேலை, கார்டை நிஜமாகவே ஓட்டிப் பார்ப்பது. அது சந்தை விலை மாதிரி ஐயா. அறை சூடாக இருந்தால் ஒரு எண் வரும், குளிராக இருந்தால் வேறு எண் வரும். இதை ஒரு உண்மை என்று எப்படி ஏற்பது? ஆனால் வாசகர்கள் ஏற்றார்கள். என் எண்ணுக்குப் பக்கத்தில் இவர் சிவப்பில் ஒரு சதவீதம் போட ஆரம்பித்தார். நான் பதினான்கு புள்ளி ஏழு ஐந்து என்றால், இவர் ஓட்டிப் பார்த்து, "பன்னிரண்டு புள்ளி ஒன்பது, அதாவது எண்பத்தேழு சதவீதம்" என்று எழுதுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரு வாசகர் எழுதினார். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் சுரைக்காய். டீ கொண்டுவருபவர்கூட "சுரைக்கா சாருக்கு சக்கர கம்மி" என்று கத்துவார். எனக்கு வலித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை அந்தப் புதுக் கார்ட மாப்பிள்ளை ஓட்டட்டும். உங்க நம்பர் வரலைன்னா உங்க கட்டத்தயே தூக்கிடலாம். இனிமே ஓட்டிப் பாத்தது மட்டும் போதும்." மாப்பிள்ளை என் தோளில் தட்டி, "கவலைய விடுங்க மச்சான், பட்டியலுக்குக் கோடு போட ஆள் வேணும்ல" என்றார். நல்ல மனிதர். நக்கல் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் சோதனை அறைக்குப் போனேன். ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு சின்ன நிரல் உண்டு. சூடேறினால் வேகத்தைக் குறை, இன்னும் ஏறினால் நின்றுவிடு என்று மாமியார் மாதிரி நச்சரித்துக்கொண்டே இருக்கும். பதினான்கே முக்கால் பன்னிரண்டே சொச்சமாகச் சுருங்குவது அதனால்தான். அந்த மாமியாரை நான் காசிக்கு அனுப்பிவைத்தேன். மின்சார வரம்பையும் எடுத்துவிட்டேன். கேபிள் தாங்குவது முந்நூறு வாட், கார்டு இனி நானூற்று முப்பது இழுக்கும் என்பதை அங்கேயே பெருக்கிப் பார்த்தேன். கணக்கில் நான் தவறியதே இல்லை. அந்தக் கேபிள் சுவரோரமாகப் போகிறது. கார்டு விசிறியின் சத்தத்தை அளப்பதற்காகச் சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டியிருக்கிறது. அதையும் பார்த்தேன்.

கதவைப் பற்றிக் கேட்டீர்கள். வெளியே தாழ்ப்பாள் பொருத்தியது நானல்ல, மாப்பிள்ளையே ஆசாரியை வரவழைத்துப் பொருத்தினார். ஒவ்வொரு சோதனையும் பதினைந்து நிமிடம். பாதியில் டீக்கு எழுந்து வந்துவிடுவார், காற்றுப் புகுந்து சூட்டுக் கணக்கு கெட்டுவிடும். தன் கால் தன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்துகொண்ட மனிதர். ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும்போது, "மச்சான், நானே கதவ ஒடச்சாலும் பதினஞ்சு நிமிஷத்துக்கு முன்னால தெறக்காதீங்க" என்பார். வெள்ளிக்கிழமையும் சொன்னார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெளியே ஒரு திரையில் எண் தெரியும். பதினான்கு புள்ளி ஏழு ஐந்து. இரண்டாவது நிமிடமும் அதுதான், எட்டாவது நிமிடமும் அதுதான். பதினோரு வருடமாகத் தாளில் மட்டும் பார்த்த எண் ஐயா. பெற்ற பிள்ளை முதன்முதலாக எழுந்து நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது. சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது.

பதினோராவது நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. முதலில் டீக்கு என்று நினைத்தேன். பிறகு கதவின் கீழ் இடுக்கில் புகை வந்தது. "மச்சான், தெறங்க" என்றார். ஏழெட்டுத் தடவை சொன்னார். தங்கையின் பெயரையும் சொன்னார். என் கை தாழ்ப்பாளுக்குப் போனதும் உண்மை. ஆனால் இன்னும் நாலு நிமிடம் பாக்கி. இப்போது திறந்தால், பதினோரு நிமிட எண் செல்லாது என்று முதலாளி சொல்லிவிடுவார். என் கட்டத்தைத் தூக்கிவிடுவார்கள்.

நான் அலட்சியக்காரன் இல்லை. அங்கேயே கைப்பேசியை எடுத்து, மூச்சுக்காற்று இல்லாமல் மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான் என்று தேடினேன். நாலு நிமிடம் என்று போட்டிருந்தது. பாக்கியும் நாலு நிமிடம். மனசு சமாதானமாயிற்று. பதினைந்தாவது நிமிடம் முடிந்த அந்த நொடியில் திறந்தேன், ஒரு நொடி தாமதிக்கவில்லை.

கார்டில் மாற்றம் செய்தது நான். தட்டுவது கேட்டும் நின்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், அது பொருந்தாது. புகை சூழ்ந்தபின் இரண்டரை நிமிடத்தில் உயிர் போயிருக்கிறது என்று உங்கள் மருத்துவர் சொல்கிறார். நாலுக்கு இரண்டரை. அறுபத்திரண்டரை சதவீதம் ஐயா. மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்த கார்டுகளில் இவ்வளவு மட்டமானது ஒன்றுகூட இல்லை.