கரண்டியில் நிற்கிற பதம்

கஸ்டர்டு காய்ச்சுவதற்குப் பொறுமையைத் தவிரப் பெரிதாக எதுவும் வேண்டாம். பால், முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, கொஞ்சம் சோள மாவு. எங்கள் அம்மா காய்ச்சிய விதம் அது. கருவைச் சர்க்கரையோடு வெளுக்கும்வரை அடித்து, சூடான பாலைச் சிறுகச் சிறுக அதில் சேர்க்க வேண்டும், அவசரப்பட்டால் திரிந்துபோகும். பிறகு சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மரக்கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

அக்காவுக்கு அந்தப் பதம் கைவந்தது. எனக்கு வரவில்லை. "உன் கஸ்டர்டுக்குக் கிண்ணம் எதுக்குடி, டம்ளர் போதும்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அக்கா பேசுகிற இடத்தில் எனக்கு எப்போதும் அந்த ஒரு வேலைதான்.

அவளுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் சலவைக் கடையில் ரசீது கிழித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு மேலேயே என் வீடு. கீழே இஸ்திரிப் பெட்டி போட்டால் மேலே தரை சூடாகும். கல்யாணம், குழந்தை என்று எதுவும் எனக்கு அமையவில்லை. அக்காவின் கணவர் காலமாகி வெகுநாளாகிறது. அவள் மகன் வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கிறான். நேரங்காலம் இல்லாத வேலை. "கொஞ்ச நாளைக்கு நான் வச்சுக்கிறேன்" என்று சொல்லி நான்தான் அவளை அழைத்து வந்தேன். இதில் பொய் இல்லை. மனதாரத்தான் அழைத்தேன்.

அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. விழுங்குவதும் தடுமாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருவர் வீட்டுக்கு வருவார். முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொன்னார். "தண்ணியா எதுவும் குடுக்காதீங்கம்மா. தொண்டையில நிக்காம நுரையீரலுக்குள்ள போயிடும். எதுவா இருந்தாலும் கரண்டிய சாய்ச்சா விழாத அளவுக்குக் கெட்டியா இருக்கணும்."

அதனால் கஸ்டர்டு. ஐம்பது வயதுக்கு மேல் அம்மாவின் பதத்தை நான் கற்றுக்கொண்டேன். அக்கா எள் என்று பார்த்தால் நான் எண்ணெயாக நின்றேன். கடையை மூடிவிட்டு மாடியேறிக் கதவைத் திறந்தால் அவள் தலை திரும்பும். என் வாழ்நாளில் கதவுச் சத்தத்துக்கு யாரும் அப்படித் தலை திருப்பியதில்லை.

பிறகு அவள் தேறத் தொடங்கினாள். மகன் போன் செய்து, "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன் சித்தி. உங்களுக்கும் ஓய்வு வேணும்ல" என்றான். நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அன்று என் மனம் வேறெங்கோ இருந்தது. கஸ்டர்டில் மாவு போட மறந்தேன். அக்காவுக்குப் புரை ஏறி, காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டியது. பயணம் நின்றுபோனது. அது கைத்தவறு. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்த தடவை அவன் தேதி குறித்தபோது நான் மறக்கவில்லை. தெரிந்தேதான் மாவை விட்டேன்.

இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மேசையைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் இருமல், கொஞ்சம் காய்ச்சல், சில நாள் ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன். இரண்டு முறையும் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டவள் நான். நர்ஸ் என்னைப் பார்த்து, "இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வெட்கத்தால்தான் இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாவது முறை அவன் வருவதற்கு முந்தைய மாலை அக்கா உற்சாகமாக இருந்தாள். அதற்குள் சில சொற்கள் திரும்பியிருந்தன. டீச்சரோடு கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பழகுவாள். நான் போனால் நிறுத்திவிடுவாள். ஊருக்குப் போகிற மகிழ்ச்சி என்று நினைத்தேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தங்கை எம்மாத்திரம்.

நான் கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்தேன். கரண்டியைத் தூக்கியதும் அது ஒழுகியது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கோணலான வாயால் சிரித்துக்கொண்டு, "டம்ளர்" என்றாள். நான் செய்ததை அவள் பழைய கைப்பக்குவக் குறை என்றே எடுத்துக்கொண்டாள்.

நானும் சிரித்தேன்.

அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ... நீயும்..." என்று இழுத்தாள்.

"பேசாதக்கா. சாப்பிடும்போது பேசக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்கல்ல" என்றேன்.

இந்த முறை காய்ச்சல் இறங்கவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. டாக்டர், இந்த நோயில் இது சகஜம் என்றார். எல்லாம் முடிந்த பிறகு அக்கா மகன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "அம்மாவக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டீங்க சித்தி. நீங்க தனியா இருக்க வேண்டாம், எங்கூட வந்துடுங்க. கட்டில்தான் ரெண்டு போட்டு வச்சிருக்கேன்ல."

எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அம்மா சொல்லலையா? உங்கள விட்டுட்டு வரமாட்டேன்னு பிடிவாதமா இருந்தாங்களே. அதனாலதான் பெரிய வீடா பாத்தேன். உங்ககிட்ட தன் வாயாலயே சொல்லணும்னு, டீச்சர்கிட்ட அந்த ஒரு வாக்கியத்தையே பழகிட்டிருந்தாங்க."

என் கைகளை அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. முதலில் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே, சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளோடு சண்டை போட்டேன்.

உங்கள் ஸ்டேஷன் வாசற்படியில் வந்து நின்ற பிறகுதான் கோபம் அடங்கியது. அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த வாயில்தான் நான் கரண்டியை வைத்தேன்.