கதவுக்கு வெளியே நாலு பேர்

– இதுல என்னம்மா குழப்பம் இமெல்டா? நாங்க நாலு பேரும் வெளில போயிடுவோம். நீ மட்டும் உள்ள இரு. கையைத் தூக்கு, கதவைத் தட்டு. முடிஞ்சுது ஜோலி.

– ஸ்கூல் போர்டு தலைவர் நீங்களே வெளில நின்னா எப்படி ஹார்லன் சார்?

– பசங்களுக்கு டேப்லெட் கம்ப்யூட்டர் வாங்கறதுக்கான தீர்மானம் இது, அதை விக்கிறது என் கம்பெனி. என் வீட்டுக்காரி டார்லீன், மச்சான் டுவெய்ன், மருமகன் கோடி, எல்லாரும் அதுல பங்குதாரர். ஆதாயம் இருக்கறவங்க ஓட்டுப் போடக் கூடாது, வெளில போயிடணும். நாங்க விதிப்படி நடக்கறவங்கம்மா!

– ஒரே ஒருத்தி ஓட்டு செல்லுமா?

– பேஷா செல்லும். மிச்சம் எத்தனை பேர் இருந்தாலும் அவங்க முடிவுதான் போர்டு முடிவு. அந்த விதியை எழுதினதே நான்தான். இல்லேன்னா இந்த ஸ்கூலுக்கு ஒரு பென்சில்கூட வாங்க முடியாது.

– ஆனா இந்தத் தீர்மானத்துல, வாசிக்கச் சொல்லித்தர்ற ரோஸலின் டீச்சரை நிறுத்தணும்னு இருக்கே?

– டேப்லெட்டே சொல்லிக்குடுக்குமே! அப்புறம் டீச்சர் எதுக்கு?

– என் பொண்ணு நயேலி மூணாங்கிளாஸ் வரைக்கும் ஒரு வரி வாசிச்சதில்ல சார். அந்த டீச்சர் பக்கத்துல உக்காந்துதான் வாசிக்க வச்சாங்க. போன மாசக் கூட்டத்துக்கு இதைச் சொல்லத்தான் வந்தேன். பாதியில மணி அடிச்சுட்டீங்க.

– பொதுமக்கள் பேச மூணு நிமிஷம்தான். ஆளைப் பார்த்து விதி மாறுமா? அதான் இப்ப உன்னையே போர்டுல போட்டாச்சே. இந்த வருஷம் ஸ்கூல் அனுமதியைப் புதுப்பிக்கணும். போர்டுல பெத்தவங்க யாருன்னு மாநில ஆபீஸ்ல குடைஞ்சு எடுத்துட்டாங்க. அதோ கேமரா ஓடுது, அவங்க பார்த்துட்டு இருப்பாங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா இரும்மா.

– சரி சார். கதவைச் சாத்திட்டுப் போங்க.

– இமெல்டா! ஏம்மா இமெல்டா! ஒரு கையைத் தூக்க இருபது நிமிஷமா? இந்த டூசான் ஊர் வெயில்ல டார்லீன் மயங்கி விழப்போறா!

– முடிஞ்சுது சார், வாங்க. தீர்மானம் தோத்துப்போச்சு. ரோஸலின் டீச்சர் இருப்பாங்க.

– என்னது! என்ன காரியம் பண்ணிட்ட? தள்ளு, நான் என் நாற்காலிக்குப் போறேன்.

– அங்க இல்ல சார். அடுத்தது தலைவர் தேர்வுன்னு நீங்கதான் பட்டியல்ல போட்டிருந்தீங்க. அதுலயும் உங்க நாலு பேருக்கும் ஆதாயம் இருக்கே, அதனால அதையும் நானே ஓட்டுப் போட்டு முடிச்சுட்டேன்.

– கேமராவை நிறுத்து! நான் பேசணும்!

– தாராளமா பேசுங்க. அந்தப் பொதுமக்கள் பெஞ்சுல உக்காருங்க, மணியை இப்பதான் திருப்பி வச்சேன். மூணு நிமிஷம்.