இருவரும் மறுக்காத எண்

— சர்வேயர் சார், அவர்கிட்ட சொல்லுங்க, டேப் பிடிக்கிற சாக்குல அரை அடி என் பக்கம் நகர்ந்து வர்றார்.

— நீங்களே சொல்லலாமேம்மா. உங்க அண்ணன் கைக்கெட்டுற தூரத்துலதான் நிக்கிறார்.

— பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு சார். அப்பா நிலத்துல பங்கு கேட்டு நான் கேஸ் போட்ட அன்னைக்கு நின்னது. எதுவானாலும் வக்கீல் மூலமாத்தான்.

— சார், அவகிட்ட சொல்லுங்க, அரை அடியை நான் பையில போட்டுட்டுப் போயிட மாட்டேன்னு.

— வேலியை நகர்த்தினது காத்துன்னு சொன்னவர்தானே!

— காத்து இல்ல. மாடுன்னு சொன்னேன்.

— நல்லா இருக்கு! நான் அளக்க வந்தேனா, தூது போக வந்தேனா? கொஞ்சம் சும்மா இருங்க. வரைபடத்தைப் பார்க்கணும்.

— நல்லாப் பாருங்க சார். அடுத்த மாசம் தீர்ப்பு. கிணத்தோட இருக்கிற பாதி எனக்குத்தான்னு வக்கீல் சொல்லிட்டார். நாத்துப் பண்ணை போடறதுக்காக லேப் வேலையையும் விட்டாச்சு. இது கைக்கு வரலைன்னா நான் நடுத்தெருவுலதான்.

— உங்க மனுவுல என்ன சர்வே நம்பர் போட்டிருக்கீங்க?

— நூத்திப் பன்னெண்டு பார் மூணு.

— நாம நிக்கிற இந்த நிலம் பார் நாலும்மா.

— என்ன சொல்றீங்க? அப்ப பார் மூணு எது?

— அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஆடு மேயுதே, அந்தப் பாறை. அரசாங்கப் புறம்போக்கு.

— ஐயோ! பதினோரு வருஷமா பாறையிலயா பங்கு கேட்டுட்டு இருந்தேன்?

— ஆமா. நீங்க ஜெயிச்சிருந்தாலும் பாதிப் பாறைதான். அதுவும் கைக்கு வந்திருக்காது. இந்த நிலம், கிணறு, எல்லாம் அண்ணன் கையிலயே இருந்திருக்கும்.

— அண்ணா! அந்த நம்பர் நீ குடுத்ததுதானே? காலேஜ் ஹாஸ்டல் ஃபாரத்துல சொத்து விவரம் எழுதணும்னு கேட்டப்ப லெட்டர்ல எழுதி அனுப்பினியே!

— போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நின்னு ஞாபகத்துல கிறுக்கினது பாப்பா அது. அதைக் கொண்டுபோயா கோர்ட்டுல போடுவே?

— நீ எழுதினா சரியா இருக்கும்னு நினைச்சேன். சரி, நீ ஏன் மறுக்கல? என் மனுவுல வரிக்கு வரி பொய்னு எழுதினியே, நான் அப்பாவுக்குப் பொண்ணுங்கிறதைத் தவிர!

— நம்பரை உன் மனுவைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன். நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. ஒரு சொட்டு பிசகாம அளக்கறவ. நீ தப்பு விடுவேன்னு யார் கண்டா?

— நல்ல குடும்பம்! எதை எடுத்தாலும் சந்தேகம். தப்பான நம்பர்ல மட்டும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு அவ்வளவு நம்பிக்கை.

— சிரிக்காதீங்க சார். எனக்கு அம்பது ஆகுது. இன்னொரு பதினோரு வருஷத்துக்கு உடம்புல தெம்பு இல்ல.

— முதல்ல இருந்து வேண்டாம்மா. தீர்ப்புக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சே, திருத்த மனு போட்டாப் போதும். அண்ணன் ஆட்சேபிக்கலைன்னா சீக்கிரமே முடிஞ்சிடும்.

— இவராவது, ஆட்சேபிக்காம இருக்கிறதாவது!

— போடு பாப்பா. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

— ஏன்? என்ன வந்தது உனக்கு?

— வெயில் ஏறுது. டேப்பைச் சுத்துங்க சார், கிளம்பலாம்.

— கும்பிடணும் சார் உங்களை. கோர்ட்டு மட்டும் உங்களை அனுப்பலைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்?

— சார், அந்தப் பேச்செல்லாம் இப்ப எதுக்கு? வாங்க, போகலாம்.

— இருங்க, செய்யாத வேலைக்கு நான் ஏன் கும்பிடு வாங்கணும்? கோர்ட்டு அனுப்பலைம்மா. ‘இப்பதான் பட்டாவை எடுத்துப் பார்த்தேன், என் தங்கச்சி மனுவுல நம்பர் தப்பா இருக்கு, தீர்ப்பு வர்றதுக்குள்ள வந்து அளந்து சொல்லுங்க’ன்னு எழுதிக் குடுத்து என்னைக் கூட்டிட்டு வந்தவர், அதோ, முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான்.