எந்தக் கட்சி என்று சொல்லாத டீச்சருக்கு

குடிமையியல் வகுப்பின் கோணாத தராசே! கூச்சலுக்குக் குனியாத நிமிர்வே! கேள்வி கேட்ட பிள்ளையைக் கொண்டாடிய கனிவே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் பெருமைக்குரிய ஆசிரியையே, வணக்கம்!

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உயர்நிலைப் பள்ளியில் அரசியலைப் பாடமாக நடத்தினீர்கள். பாடத்தை ஒருநாளும் அரசியலாக நடத்தவில்லை. உங்கள் கட்சி எதுவென்று துப்புத் துலக்காத மாணவர் கூட்டமே கிடையாது. தோற்றுப்போன அவர்கள் உங்களுக்கு வைத்த பெயர் ‘பூட்டு டீச்சர்’. தேர்தல் மாதம் முழுவதும் எந்தக் கொடியின் நிறமும் இல்லாத பழுப்பு உடைதான் உடுத்துவீர்கள். ஒரு வருடம் பழுப்புக் கொடியோடு புதுக் கட்சி ஒன்று முளைக்க, அதே வாரம் துணிக்கடைக்கு ஓடினீர்களே, மறக்க முடியுமா! முடிவு வெளியாகும் நாளில் ஆசிரியர் அறையில் பாதிப்பேர் கைதட்டுவோம், பாதிப்பேர் உச்சுக்கொட்டுவோம். நீங்களோ விடைத்தாளிலிருந்து தலை நிமிராமல், “யாருக்காவது டீ வேணுமா?” என்பீர்கள்.

அதனால் கருத்தே இல்லாதவர் என்று உங்களை எடைபோட்டவர்கள் ஏமாந்தார்கள். பொய்க்கணக்கை எந்தக் கட்சி சொன்னாலும் பொய் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினீர்கள். கரும்பலகையைக் கட்சி மேடையாக்கிய சிலரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டினார்கள். உங்கள் வகுப்பில் பிள்ளைகள் வாதாடினார்கள்.

வாதாட நீங்கள் வகுத்த வழக்கம் ஒன்றே ஒன்று. எதிர்த்துப் பேசும் முன், எதிராளி சொன்னதை அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அதுவரை பதில் சொல்லும் முறை வராது.

புறவழிச்சாலைத் தகராறில் ஊரே இரண்டுபட்டிருந்த ஆண்டை இங்கே சொல்லாமல் விட்டால், இந்த மடலைச் சட்டம் போட்டு மாட்டுவதில் பொருள் இல்லை. பாடவேளையின் முதல் பாதியில் சாலை வேண்டும் என்றும், மறுபாதியில் வேண்டாம் என்றும் நீங்களே வாதாடிக் காட்டினீர்கள். யாரோ கைப்பேசியில் படம் பிடித்துவிட்டார்கள். மறுபாதி மட்டும், சாலை வேண்டும் என்ற ஆளுங்கட்சிக்காரரான லாரி முதலாளியின் கைக்குப் போனது. முதல் பாதி மட்டும், வேண்டாம் என்ற எதிர்க்கட்சிக்காரரான மருந்துக்கடைக்காரரிடம் போனது. இருவரும் புகார் எழுதினார்கள். இரண்டிலும் ஒரே வரி: ‘இவர் அந்தக் கட்சி ஆள். வேலையைவிட்டு நீக்குக.’

“புத்தகத்தை வாசிச்சுட்டு வந்துடுங்களேன் டீச்சர், நமக்கு எதுக்கு வம்பு?” என்று கெஞ்சினார் தலைமையாசிரியர். விசாரணைக்கு வந்த கல்வி அதிகாரி இன்னும் சுலபமான வழி காட்டினார்.

“எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு என்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. ரெண்டு புகார்ல ஒண்ணு தானா விழுந்துடும்.”

“சொல்ல மாட்டேன் சார். வெளிய தெரிஞ்சா என் வகுப்புல பாதிப் பிள்ளைங்க எனக்குப் பிடிச்ச பதிலை எழுதும். மீதிப் பாதி வாயே திறக்காது.”

“வேலை போயிடுச்சுன்னா?”

“போனா அந்த வகுப்பை நீங்கதான் சார் எடுக்கணும். நாளைக்கு ரெண்டாவது பீரியட்.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் இரண்டாவது பாடவேளைக்குச் சரியாக வந்தார். புகார் கொடுத்த இருவரையும் தனக்கு இருபுறமும் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

சீட்டுக் குலுக்கியதில், சாலைத் திட்டத்தை எதிர்த்துப் பேச வேண்டிய முறை, அதே வகுப்பில் படித்த லாரி முதலாளியின் மகளுக்கே விழுந்தது. அவள் பேசி முடிப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

“இதெல்லாம் யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது? டீச்சரா?”

“இல்லப்பா, நானாதான் யோசிச்சேன்.”

“ஐயா, தாராளமா பதில் சொல்லுங்க,” என்றீர்கள் நீங்கள். “ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு. அவ சொன்னதை முதல்ல நீங்க சொல்லணும்.”

“என்ன சொன்னா? ரோடே வேண்டாங்கிறா!”

“நான் அப்படிச் சொல்லலப்பா.”

“ஊரு முன்னேறவே கூடாதுங்கிறா!”

“அதையும் சொல்லலப்பா.”

மருந்துக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். “சிரிக்காதீங்க ஐயா, அடுத்தது உங்க முறைதான்,” என்றீர்கள். சிரிப்பு நின்றது.

லாரி முதலாளி பெஞ்சில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். இந்த முறை மகளைப் பார்த்தே மெதுவாகச் சொன்னார்.

“ரோடு வரட்டும்ங்கிறா. பள்ளிக்கூடத்துக்கு நடந்து வர்ற பிள்ளைங்க அதை எப்படித் தாண்டும்னு யாருமே கேக்கலங்கிறா. லாரிக்காரன் மகளா இருக்கறதாலதான், வண்டி என்ன வேகத்துல வரும்னு அவளுக்குத் தெரியுமாம்.”

“ஆமாப்பா. அதைத்தான் சொன்னேன்.”

“இப்ப உங்க பதில், ஐயா?” என்றீர்கள்.

“கொஞ்சம் யோசிக்கணும் டீச்சர்,” என்று உட்கார்ந்தார்.

அவர் கட்சி மாறவில்லை. அடுத்த தேர்தலிலும் அதே கொடியைத்தான் பிடித்தார். மாற்றுவது உங்கள் வேலையும் அல்ல. ‘இந்த ஆசிரியை எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க இயலவில்லை, வகுப்பு தொடரலாம்’ என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எத்தனையோ விருதுகள் இந்தப் பள்ளிக்கு வந்ததுண்டு. எங்களுக்கு இதைவிடப் பெரிய விருது வேறில்லை!

அஞ்சாத அன்னையே! பிள்ளைகள் அச்சமின்றிப் பேச வேண்டும் என்பதற்காக உங்கள் நாவுக்கு நீங்களே போட்டுக்கொண்ட காவல் இன்று மாலையோடு நீங்குகிறது. நாளை முதல் நீங்கள் மேடை ஏறலாம், கொடி பிடிக்கலாம், தெருமுனையில் நின்று முழங்கலாம். எந்தப் பக்கம் பேசினாலும் எங்களில் பாதிப்பேர் அன்றே உங்களோடு சண்டைக்கு வருவோம். அந்தச் சண்டைக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறோம்.

கண்ணும் முழங்காலும் கடைசிவரை கைகொடுக்க, இன்னும் பல தேர்தல்களில் சொந்தக் காலில் வரிசையில் நின்று வாக்களித்து, குரல் கம்மாமல் நீடு வாழ்க! எங்களோடு போடும் முதல் சண்டையில் நீங்களே வெல்க!

இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தும்
உங்கள் பெருமையில் ஒன்றாகிக் கையொப்பமிடும்,
ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்