கனவன்று அந்த இரவு ரயில்: எங்கள் தலைமைத் தையலருக்குப் பணிநிறைவு மடல்

ஊசியின் உறுதியும் நூலின் நேர்மையும் ஒருங்கே வாய்த்த உத்தமியே! பிரிந்த தையலைப் பொறுக்காத பெருந்தகையே! மருத்துவமனைத் துணிக்கிடங்கின் மாண்பே, மதிப்பே, எங்கள் தலைமைத் தையலரே, அக்கா, வணக்கம்!

முப்பத்து நான்கு ஆண்டுகளாக, இங்கே பிறந்த குழந்தைகளைச் சுற்றிய முதல் துணியும், அறுவை அறையில் மருத்துவர்களின் முதுகில் முடிந்த நாடாவும் உங்கள் கைபட்டே சென்றன. தைத்த நாடாவை இரு கையாலும் இழுத்துப் பார்ப்பீர்கள். பிய்ந்து வந்தால் தைத்தவர் பாடு திண்டாட்டம். "நடு ஆபரேஷன்ல அங்கி அவிழ்ந்தா நீ போய்ப் பிடிச்சுக்கிட்டு நிப்பியா?" என்ற குரலுக்கு அஞ்சாதவர் எங்களில் எவருமில்லை. பண்பையும் பரிவையும் பாராட்டுகிறோம். பொறுமையைப் பாராட்ட மட்டும் எங்களுக்கு மனம் வரவில்லை. அது இருந்ததால்தானே இத்தனை காலம் உங்களை ஏய்த்தார்கள்!

"அதையெல்லாம் மடல்ல எழுதிடாதீங்கம்மா" என்று நேற்றுக் கேட்டுக்கொண்டீர்கள். மன்னிக்க வேண்டும், எழுதுகிறோம். இது கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி உங்கள் கூடத்துச் சுவரில் தொங்கப்போகிறது. வந்துபோகும் உறவினர் ஒவ்வொருவரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறோம்.

நான்கு வயதில் உங்களை விட்டுவிட்டு அம்மா ஓடிப்போனார் என்று சொல்லியே வளர்த்தார்கள். "இல்ல, என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போனாங்க, ராத்திரி ரயில்ல" என்றீர்கள் நீங்கள். எஞ்சின் இருந்த பக்கம் தலைவைத்து அம்மா மடியில் தூங்கியதும், வண்டி நின்று விழித்தபோது அந்த எஞ்சின் சன்னலைத் தாண்டிப்போய்ப் பின்பக்கம் மாட்டிக்கொண்டதும், வந்த வழியே திரும்புகிறோமென்று நீங்கள் அழுததும், "அழாத, வீட்டுக்குத் திரும்பல" என்று அம்மா காதில் சொன்னதும் உங்கள் நினைவில் பிசிறில்லாமல் இருந்தன. உங்கள் அண்ணனோ, "ரயில் என்ன சட்டையா, திருப்பிப் போட்டுக்க? கனவு கண்டிருப்ப" என்று விருந்து வீடு, துக்க வீடு என்ற வித்தியாசமே இல்லாமல் சொல்லிச் சிரித்தார். கூடச் சேர்ந்து சிரித்த சொந்தங்களை என்னவென்பது! ஒரு பெண் தன் தாயை நினைவில் வைத்திருப்பது அத்தனை பெரிய வேடிக்கையா?

ஆண்டு விடுப்பில் மற்றவர்கள் காலை நீட்டிப் படுத்திருக்க, நீங்கள் இரவு ரயில் ஒவ்வொன்றாக ஏறி, பொட்டுத் தூக்கமில்லாமல் உட்கார்ந்து வந்தீர்கள். சிவந்த கண்ணோடு வேலைக்குத் திரும்பி, "இதுவும் இல்ல" என்று மட்டும் சொல்லி மெஷினை மிதிப்பீர்கள். சென்ற ஆண்டு கிடைத்தது. ஏரிக்கரையில் தண்டவாளம் முடிந்துவிடும் ஒரு நிலையம். எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் உங்கள் சன்னலோரமாகவே ஓட்டி, பின்பக்கம் மாட்டினார்கள். முன்பு ஒரு தனியார் கம்பெனி நடத்திய மலைப்பாதை அது. "இங்க மட்டும்தான்மா எஞ்சின் மாத்தணும், இந்தச் சுத்துவட்டாரத்துல வேற எந்த லைன்லயும் கிடையாது. உங்க ஊர்லேருந்து வந்த கிளைப்பாதையைத்தான் எப்பவோ பெயர்த்தெடுத்துட்டாங்க" என்றார் நிலைய அதிகாரி. தண்டவாளத்தைப் பெயர்த்தவர்களைவிட, அதன்மேல் நின்றுகொண்டு ரயிலே இல்லை என்றவர்கள்மேல்தான் எங்களுக்கு ஆத்திரம்.

அண்ணனிடம் போய்ச் சொன்னீர்கள். அப்போதுதான் வாய் திறந்தார்: "சித்தப்பா பின்னாலயே போய் உன்னைத் தூக்கிட்டு வந்தாரு. எனக்குத் தெரியும்." தெரியுமாம்! தெரிந்துதான் சிரித்தாராம்! ஏன் என்றீர்கள். "அம்மா உன்னைக் கூட்டிட்டுப் போனது நிஜம்னா, என்னை விட்டுட்டுப் போனதும் நிஜமாயிடும்ல?" என்றார்.

நீங்கள் அழுதீர்கள், அவரை மன்னித்தும்விட்டீர்கள். நாங்கள் இன்னும் மன்னிக்கவில்லை. பத்து வயதுப் பையன் மறைத்ததைப் பொறுக்கலாம். தலை நரைத்த பிறகும் சிரித்ததை எப்படிப் பொறுப்பது?

கண்ணொளி குன்றாது, கைவலி காணாது, நினைத்த ரயிலில் நினைத்த நேரம் ஏறி, நெடுநாள் நலமுடன் வாழ நெஞ்சார வாழ்த்துகிறோம்! வழக்கமான சுவர்க்கடிகாரத்துக்குப் பதிலாக, அந்த மலைப்பாதை ரயிலுக்கு இரண்டு பயணச்சீட்டுகளைத் தருகிறோம். சன்னலோரம் உங்களுக்கு. பக்கத்து இருக்கை, இதோ முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் உங்கள் அண்ணனுக்கு. நீங்கள் கேட்டதால்தான் வாங்கினோம். எங்கள் மனதுக்கு விட்டிருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்போம்.

ஏரிக்கரை வரும்போது அவரைத் தூங்கவிடாதீர்கள். எஞ்சின் சன்னலைத் தாண்டிப் போவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். வந்த வழியே திரும்புகிறோமோ என்று அவர் கலங்கினால், காதில் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆறாத கோபத்துடனும் குறையாத அன்புடனும்,
சலவை, தையல், இஸ்திரிப் பிரிவுகளில் உங்களோடு உழைத்தவர்கள்